உயரம் பத்தலைன்னு திருப்பி அனுப்புறது: என்ஹெச்எல் டிராஃப்ட்லயும் இப்படித்தானா?

வெட்டாறு_விங்கர் (கொரடாச்சேரி) கேட்டது:

வணக்கம். ஹாக்கி தெரிஞ்சவங்க இங்க நெறைய பேர் இருக்கீங்க, அதனால கேக்குறேன். எங்க அக்கா பையன் ஒன்பதாவது படிக்கிறான், ரைட் விங் ஆடுறான். வேகம் இருக்கு, பந்து அவன் ஸ்டிக்கை விட்டுப் போகாது, எங்க ஏரியா ஸ்கூல் மேட்ச்ல பதினொண்ணாவது பசங்களையே தாண்டிட்டுப் போவான். கொஞ்ச நாள் முன்னாடி ஒரு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் செலக்‌ஷனுக்குக் கூட்டிட்டுப் போனேன், எந்த இடம்னு வேணாம். ஷூவைக் கழட்டச் சொல்லி சுவத்துல ஒட்டியிருந்த டேப் பக்கத்துல நிக்க வெச்சாங்க, தலை மேல ஒரு ஸ்கேலை வெச்சு அமுக்குனாங்க, குதிகாலைத் தூக்குறானான்னு இன்னொருத்தர் குனிஞ்சு பாத்தாரு, 148ன்னு நோட்டுல எழுதிட்டு அடுத்த வருஷம் வா தம்பின்னுட்டாங்க. ஸ்டிக்கைப் பையை விட்டு வெளில எடுக்கவே இல்ல. பஸ்ல வரும்போது ஒரு வார்த்தை பேசல பய.

என் மச்சான் கனடாவுல இருக்கான், அவன் சொல்லி ரெண்டு மூணு வருஷமா என்ஹெச்எல், அதாவது அங்க நடக்குற பெரிய ஐஸ் ஹாக்கி லீக் பாக்குறேன், விடிகாலைல லைவ் வரும், வயலுக்குத் தண்ணி வெக்கப் போற நேரத்துல போன்லயே பாத்துடுவேன். டீம்கள் இளம் பசங்களை எடுக்குற டிராஃப்ட் பத்தி அவன் நெறைய சொல்லுவான், அங்கயும் குள்ளமா இருக்குற பசங்களைத் தள்ளித் தள்ளித்தான் எடுப்பாங்களாம். என் கேள்வி என்னன்னா, அவ்ளோ காசு, அவ்ளோ வீடியோ, கம்ப்யூட்டர் கணக்கு எல்லாம் வெச்சிருக்குற டீம்களே ஏன் இன்னும் உயரத்தைப் பாத்து முடிவு பண்றாங்க? அது சரியான முடிவா, இல்ல பழக்கமா? நம்ம ஹாக்கிக்கு அதுல எடுத்துக்க ஏதாவது இருக்கா? இவன்ட்ட நான் என்ன சொல்றது? விவரமா சொன்னா நல்லாருக்கும்.

கும்மோணம்_டு_மிசிசாகா எழுதுனது:

தம்பி, நானும் டெல்டாதான், கும்மோணம் மடத்துத் தெரு பக்கம், இப்ப இருக்குறது மிசிசாகா, இங்க வந்து பனி ஹாக்கில விழுந்தவன் இன்னும் எந்திரிக்கல. உன் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாத்தான் பதில் சொல்லணும்.

முதல்ல டிராஃப்ட்னா என்னன்னு மத்தவங்களுக்கும் சொல்லிடுறேன். வருஷத்துக்கு ஒருவாட்டி 32 டீமும் வரிசையா ஆளை எடுப்பாங்க, மொத்தம் 7 ரவுண்டு. எடுக்குற பசங்க பெரும்பாலும் 18 வயசு. இதுலதான் விஷயமே இருக்கு. அந்தப் பையன் அன்னைக்கு ஆடுற ஆட்டத்துக்காக யாரும் அவனை எடுக்கல, 23, 24 வயசுல 90 கிலோ ஆம்பளைங்களுக்கு நடுவுல என்ன ஆவான்னு யோசிச்சு எடுக்குறாங்க. அதாவது இல்லாத ஒரு உடம்பைக் கற்பனை பண்ணி எடுக்குறாங்க. ஸ்கேட்டிங் எப்படி, புத்தி எப்படின்னு கேட்டா டீமுக்கு ஆள் தேடுற பத்து ஸ்கவுட் பத்து விதமா சொல்லுவான், உயரமும் எடையும் மட்டும்தான் எல்லாருக்கும் ஒரே நம்பரா வரும். டிராஃப்ட்டுக்கு முன்னாடி கம்பைன்னு ஒண்ணு நடத்தி பசங்களை அளந்து எடை போட்டு எல்லா டீமுக்கும் குடுத்துடுவாங்க. கைல இருக்குற ஒரே நிச்சயமான நம்பரை மனுஷன் விட மாட்டான்ல.

இன்னொண்ணு இருக்கு, அது யாரும் வெளிப்படையா பேசாதது. 6 அடி 4 இன்ச் பையனை எடுத்து அவன் வரலன்னா, சரி நல்ல உடம்பு, எப்படியோ வரலன்னு விட்டுடுவாங்க. 5 அடி 7 இன்ச் பையனை முதல் ரவுண்டுல எடுத்து அவன் வரலன்னா, அப்பவே சொன்னோமேன்னு எடுத்தவன் வேலைக்கே உலை வெச்சிடுவாங்க. எடுக்குறவனும் சம்பளத்துக்கு இருக்குற ஆளுதானே, தன்னைக் காப்பாத்திக்கிற முடிவைத்தான் எடுப்பான். உயரத்துப் பக்கம் சாயுறதுக்குப் பாதிக் காரணம் இதுதான்னு நான் நெனைக்கிறேன்.

இதுக்கு நல்ல உதாரணம் 2003 டிராஃப்ட். அந்த வருஷம் மாதிரி ஆள் கெடைச்ச வருஷம் கம்மி. நியூயார்க் ரேஞ்சர்ஸ் 12வது இடத்துல ஹியூ ஜெஸ்ஸிமன்னு 6 அடி 6 இன்ச் பையனை எடுத்தாங்க, அவர் மொத்தமா என்ஹெச்எல்ல ஆடுனது 2 மேட்ச், அதுவும் வேற டீமுக்கு. அவருக்குப் பின்னாடி 17வதா போனாரு 6 அடிகூட இல்லாத ஸாக் பாரிஸ், 19வது கெட்ஸ்லாஃப், 28வது கோரி பெர்ரி, 45வது பெர்ஜெரான், 205வது ஜோ பவெல்ஸ்கி, எல்லாருமே பின்னாடி பெரிய ஆளா வந்தவங்க. இதுல பெர்ரியும் கெட்ஸ்லாஃபும் நல்ல உயரந்தான், அதனால உயரமானவன் தப்புன்னு நான் சொல்லல, உயரத்தை மட்டும் பாத்து எடுத்தா பக்கத்துல நிக்கிறவன் கண்ணுக்குத் தெரியாம போயிடுவான்னு சொல்றேன். ஜெஸ்ஸிமன் பாவம், அவர் என்ன பண்ணுவாரு, எடுத்தவங்க வெச்ச எதிர்பார்ப்பு அது.

அந்தக் காலத்துல டீம்கள் அப்படி யோசிச்சதுக்கு ஒரு நியாயமும் இருந்துச்சு. 90கள்ல ஆட்டமே புடிச்சு இழுக்குற ஆட்டம், ஸ்டிக்கைக் கொக்கி போட்டு இடுப்புல மாட்டி இழுத்தாலும் ரெஃப்ரி விசில் ஊத மாட்டாரு. வேகமான சின்ன ஆள் ரெண்டு தாவு தாவுறதுக்குள்ள மேல ஒருத்தன் தொங்கிக்கிட்டு இருப்பான். 1991ல முதல் ஆளா போன எரிக் லிண்ட்ராஸ் 6 அடி 4 இன்ச், அவர் மாதிரி ஒருத்தன் வேணும்னு எல்லா டீமும் ஏங்குன காலம். அப்பறம் சம்பளப் பிரச்சினைல 2004-05 சீசன் முழுசா நடக்கல, திரும்பி வந்தப்ப ரூல்ஸை மாத்துனாங்க, புடிச்சு இழுத்தா பெனால்டின்னு கறாரா ஆக்குனாங்க, ரெண்டு கோடு தாண்டிப் பாஸ் குடுக்கக் கூடாதுங்குற தடையையும் எடுத்துட்டாங்க. அதுலேர்ந்து வேகத்துக்கும் கைக்கும் மதிப்பு ஏறுச்சு.

அது டிராஃப்ட்லயும் தெரியுது பாரு. தியோ ஃப்ளூரி 5 அடி 6 இன்ச், 1987ல 8வது ரவுண்டு, 166வது ஆள். அவர் ஒரு சீசன்ல 51 கோல் போட்டவரு. மார்ட்டின் சென்ட் லூயி 5 அடி 8, அவரை டிராஃப்ட்ல எவனுமே எடுக்கல, 2004ல லீக்லயே மதிப்பு மிக்க ஆளுக்கான ஹார்ட் டிராஃபியும் வாங்குனாரு, லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கப்பும் தூக்குனாரு. ஜானி காட்ரோ 2011ல 104வது. பிரேடன் பாயின்ட் 2014ல 79வது. அலெக்ஸ் டிப்ரின்கட் ஜூனியர் லீக்ல ரெண்டு சீசன் தொடர்ந்து 51, 51 கோல் போட்டுட்டு 2016 டிராஃப்ட்டுக்கு வந்தாரு, அப்பவும் 39வதுதான். கூட ஆடுனவங்க நல்ல ஆட்டக்காரங்க, அதனாலதான் கோல் வந்துச்சுன்னு பேசுனாங்க. அந்தப் பேச்சு உயரமான பையனுக்கு அவ்வளவு சீக்கிரம் வராது. 2019ல கோல் காஃபீல்ட், அவரும் 5 அடி 7தான், 15வது இடத்துல போனாரு. ஆக இடம் கொஞ்சம் கொஞ்சமா மேல வந்திருக்கு, ஆனா டிராஃப்ட்டுக்கு முன்னாடி ஒரே சீசன்ல 72 கோல் போட்டுட்டு வந்த காஃபீல்டுக்கே 15ன்னா சின்ன ஆளுக்கு வெக்கிற அளவுகோல் இன்னும் வேறதான்.

கொள்ளிடம்_டிஃபெண்டர் எழுதுனது:

கும்மோணம் அண்ணன் சொன்னது எல்லாம் உண்மை, ஆனா ஒரு பக்கம்தான் சொல்லிருக்காரு. ஜெயிச்சு வந்த சின்ன ஆளுங்க பேரு நமக்குத் தெரியும், வராம போன நூத்துக்கணக்கான சின்ன ஆளுங்க பேரு யாருக்குத் தெரியும்? ஃப்ளூரி, சென்ட் லூயி, காட்ரோன்னு திரும்பத் திரும்ப அதே பேரு வருதுன்னாலே அவங்க அபூர்வம்னுதானே அர்த்தம். பையன்ட்ட இந்தப் பேரை மட்டும் சொல்லிக் குடுத்தா நாளைக்கு அவனுக்குத்தான் கஷ்டம்.

நான் 12 வருஷம் ஃபுல்பேக் ஆடுனவன், நம்ம ஹாக்கிதான், ஐஸ் இல்ல. கை நீளம்னா என்னன்னு எனக்குத் தெரியும். உயரமான டிஃபெண்டர் முட்டியை மடக்கி ஸ்டிக்கைத் தரையோட படுக்க வெச்சு நீட்டுனா வர்றவனுக்கு ஒரு பக்கம் முழுசா அடைபட்டுப் போகும், அவன் எவ்வளவு வேகமா வந்தாலும் சுத்திப் போயாகணும். ஐஸ்ல இது இன்னும் ஜாஸ்தி, அங்க மோதுறதே சட்டப்படி ஆட்டம். மூலைல, மைதானத்தைச் சுத்தியிருக்குற சுவரை ஒட்டி பக், அதாவது பந்துக்குப் பதிலா ஆடுற ரப்பர் வட்டு மாட்டிக்கிட்டா அங்க யாரு உடம்பு ஜெயிக்குதோ அவனுக்குத்தான் பக். என்ஹெச்எல் ஆளு சராசரி 6 அடி 1 இன்ச் சுமாரு, 90 கிலோ. நம்ம ஊர் கணக்குல அவங்க எல்லாருமே பீமன்.

பிளேஆஃப்னு, அதாவது சீசன் முடிஞ்சு கப்புக்கு மோதுற சுற்றுன்னு வந்தா ரெஃப்ரியும் சின்னச் சின்னதுக்கு ஊத மாட்டாரு, ஒரே டீமோட 7 மேட்ச் வரைக்கும் மோதணும். தம்பா பே 2018-19ல 62 மேட்ச் ஜெயிச்சுட்டு முதல் ரவுண்டுலயே கொலம்பஸ்ட்ட 4-0ன்னு தோத்தாங்க. அப்பறம் மரூன், குட்ரோ, கோல்மன்னு மோதி ஆடுற ஆளுங்களைக் கொண்டு வந்தாங்க, 2020ல கப்பு. 2023ல வேகாஸ் ஜெயிச்சப்ப அவங்க டிஃபென்ஸ் வரிசையப் பாத்தா மலை மாதிரி இருக்கும். 2024, 2025 ரெண்டு வருஷமும் ஃப்ளோரிடா, அவங்க ஆடுறது முழுக்க மேல விழுந்து நெருக்குற ஆட்டம். ஜெயிச்ச டீமைப் பாத்துதான் மத்தவன் அடுத்த டிராஃப்ட்ல ஆள் தேடுவான், இது இயற்கை. கோல்கீப்பர் எடுத்துக்கங்க, நாஷ்வில் சாரோஸ் 5 அடி 11, அவரையே இன்னைக்குக் குள்ளமான கீப்பர்னு சொல்றாங்க.

அதனால உயரம் பாக்குறது வெறும் பழக்கம்னு நான் ஒத்துக்க மாட்டேன். ஸ்டிக்கைத் தொட விடாம அனுப்புனாங்களே, அது தப்பு, அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கிடையாது. குறைஞ்சது அஞ்சு நிமிஷம் ஆட விட்டுப் பாத்திருக்கணும்.

கும்மோணம்_டு_மிசிசாகா எழுதுனது:

கொள்ளிடத்துக்காரர் சொல்றதுல பாதி சரி. ஆனா அவர் சொன்ன அதே டீம்களைப் பாருங்க. 2023ல வேகாஸ் கப்பு ஜெயிச்சப்ப பிளேஆஃப்ல சிறந்த ஆளுன்னு கான் ஸ்மைத் வாங்குனது மார்ஷசோ, 5 அடி 9, டிராஃப்ட்ல யாரும் எடுக்காத ஆளு. தம்பா 2020, 2021 ரெண்டு கப்பு ஜெயிச்சப்பவும் ரெண்டு பிளேஆஃப்லயும் 14, 14 கோல் போட்டது அந்த 79வது ஆள் பாயின்ட். பெரிய உடம்பும் வேணும், கோல் போடுற சின்ன உடம்பும் வேணும். பின்னாடி மலை நின்னாதான் முன்னாடி இவங்களால ஓட முடியுது, அதையும் நான் மறுக்கல. நான் சொல்றது விலையைப் பத்தி. சின்ன ஆளை எல்லாரும் தள்ளி விடுறதால அவன் மூணாவது ரவுண்டுல கெடைக்கிறான், ஆட்டம் முதல் ரவுண்டு ஆட்டம். அதைக் கண்டுபிடிச்ச டீம் லாபம் பாக்குது.

உயரமா இருந்தாலே எடுத்துடுவாங்கன்னும் இல்ல. ஸ்டெனோ சாரா 6 அடி 9, 1996ல மூணாவது ரவுண்டுல 56வதாத்தான் போனாரு. வெறும் உயரந்தான்னு நெனைச்ச டீமும் உண்டு, அவர் போயி 2009ல சிறந்த டிஃபெண்டருக்கான நாரிஸ் வாங்குனாரு. ஆக நம்பரு ரெண்டு பக்கமும் ஏமாத்தும்.

இன்னொரு ஆளு சொல்றேன், உன் அக்கா பையனுக்கு இவரைத்தான் காட்டணும். லேன் ஹட்சன், டிஃபெண்டர், சின்ன உடம்பு. 2022 டிராஃப்ட் சமயத்துல தனக்கு இன்னும் வளர்ச்சி பாக்கி இருக்குன்னு டாக்டர் கடிதத்தைக் கைல வெச்சுக்கிட்டு டீம்களைப் போய்ப் பாத்தாரு. அப்பவும் 62வதா மான்ட்ரியல்தான் எடுத்துச்சு. முதல் முழு சீசன்லயே கோலும் கோலுக்குக் குடுத்த பாஸும் சேத்து 66 புள்ளி, 2025ல சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் டிராஃபி. குட்டி டிஃபெண்டர் பிளேஆஃப்ல தாங்குவானான்னு அவரைப் பத்தி இன்னமும் பேசுறாங்க, பேசட்டும்.

கிரவுண்ட்_வாத்தியார் (திருவாரூர் பக்கம்) எழுதுனது:

நான் உடற்கல்வி ஆசிரியர், சர்வீஸ்ல பாதிக்கு மேல டெல்டா கிராமத்துப் பள்ளிக்கூடங்கள்ல போச்சு. ஐஸ் ஹாக்கி எனக்கு அவ்வளவா தெரியாது, ஆனா பசங்க உடம்பு தெரியும், அதப் பத்தி மட்டும் சொல்றேன்.

18 வயசுல எடுக்குறதே யூகம்னு கும்மோணத்துக்காரர் சொன்னாரு. நாம 13, 14 வயசுல எடுக்குறோம். அது யூகத்துக்கும் யூகம். பெரும்பாலான பசங்களுக்கு 13லேர்ந்து 14க்குள்ள திடீர்னு ஏத்தம் வரும், ஒரே வருஷத்துல 8, 9 செ.மீ. போயிடுவான். ஆனா அது எல்லாருக்கும் ஒரே வயசுல வராது, சிலருக்கு 12லயே, சிலருக்கு 15, 16ல. ஒரே வகுப்புல ஒருத்தனுக்கு மீசை முளைச்சு குரல் உடைஞ்சிருக்கும், பக்கத்து பெஞ்சுல ஒருத்தன் சின்னப் புள்ளையாட்டம் இருப்பான், ரெண்டு பேருக்கும் சர்ட்டிஃபிகேட்ல ஒரே வயசு. ஏடிடி 43, சிஆர் 1009ன்னு ரெண்டு நெல்லையும் ஒரே நாள்ல விதைச்சுட்டு எழுவதாவது நாள் போய்ப் பாத்தா எப்படி இருக்கும்? ஒண்ணு கதிர் தள்ள ஆரம்பிச்சிருக்கும், இன்னொண்ணு அப்பத்தான் தூர் கட்டிக்கிட்டு இருக்கும். 110 நாள் பயிரை வெச்சு 155 நாள் பயிரை மட்டம்னு எந்த விவசாயியும் சொல்ல மாட்டான். நாங்க கிரவுண்டுல அதைத்தான் செய்யுறோம்.

முன்கூட்டி வளந்த பையன் அந்த ரெண்டு வருஷம் உடம்பை வெச்சே ஜெயிப்பான், அதனால அவனுக்குக் கையும் புத்தியும் வளக்கணும்னு அவசியமே வராது. 17 வயசுல மத்தவன் எட்டிப் புடிச்சதும் இவன் காணாம போயிடுவான். எத்தனை பசங்களை அப்படிப் பாத்துட்டேன். தாமதமா வளர்றவன் சின்னதா இருக்கும்போதே தந்திரம் கத்துக்கிட்டே ஆகணும், இல்லாட்டி பந்தே கெடைக்காது. அவனை அந்த ரெண்டு வருஷம் கைவிடாம வெச்சிருந்தா போதும்.

கனடாவுல இதை ஆராய்ச்சியாவே பண்ணிருக்காங்க. அங்க சின்னப் பசங்க ஹாக்கிக்கு ஜனவரி 1ஐ வெச்சு வயசு பிரிக்கிறாங்க, அதனால ஜனவரி, பிப்ரவரில பொறந்தவன் அதே குரூப்புல டிசம்பர்ல பொறந்தவனைவிட கிட்டத்தட்ட ஒரு வயசு மூத்தவன். டீம்ல அவங்கதான் ஜாஸ்தி இருப்பாங்க. 2013ல ராபர்ட் டீனர்னு ஒரு பேராசிரியரும் கூட ரெண்டு பேரும் என்ஹெச்எல் டிராஃப்ட்டையே எடுத்துப் பாத்தாங்க. வருஷத்தோட பின்பாதில பொறந்தவங்களை டீம்கள் அவங்க தகுதிக்குக் கீழ, பின்னாடி தள்ளி எடுத்திருக்குன்னும், அதே ஆளுங்க லீக்ல போயி எதிர்பார்த்ததைவிட நல்லா ஆடிருக்காங்கன்னும் வந்துச்சு. பெரிய காசு வெச்சிருக்குறவனே இந்தத் தப்பைப் பண்றான். தம்பி, உங்க அக்கா பையன் எந்த மாசம் பொறந்தான்? சர்ட்டிஃபிகேட்ல இருக்குறது இல்ல, ஆஸ்பத்திரில பொறந்த தேதி.

அப்பறம் நம்ம ஹாக்கிக்கு வர்றேன். இங்க உடம்பால மோதுனா ஃபவுல், உடம்பை நடுவுல வெச்சு பந்தை மறைச்சாலும் ஃபவுல். சுவரே கிடையாது, மூலைல மாட்டுற பேச்சும் கிடையாது. கிரவுண்டு 91 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம், ஆஃப்சைடு இல்ல. பந்து தரைல, ஆடுறவன் குனிஞ்சுதான் ஆடணும். அதனால ஃபார்வர்டுக்கு உயரம் ஐஸ் ஹாக்கில கேக்குற அளவுக்கு இங்க கேக்காது. ஆஸ்திரேலியா ஜேமி ட்வையர் 172 செ.மீ., உலகத்துலயே சிறந்த ஆட்டக்காரர்னு 5 தடவை வாங்குனவரு, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் ஃபைனல்ல எக்ஸ்ட்ரா டைம்ல கோல் போட்டு தங்கம் வாங்கிக் குடுத்தவரு. ஐஸ் ஹாக்கி டிராஃப்ட்ல வெக்கிற உயரக் கணக்கை அப்படியே இங்க கொண்டாந்து வெக்க முடியாது. கீப்பருக்கும் ஃபுல்பேக்குக்கும் வேணா பாக்கலாம், நம்ம கோல் 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம், கீப்பருக்குக் கை எட்டணும். விங்கருக்கு எதுக்கு முதல் கேள்வியா டேப்பு?

ஹாக்கி இந்தியா லீக்ல டிராஃப்ட் கிடையாது, ஏலம். 2024 ஏலத்துல ஹர்மன்பிரீத் 78 லட்சத்துக்குப் போனாரு. ஆனா அங்க ஏலத்துக்கு வர்றவன் முழுசா வளந்த ஆளு, ஆட்டத்தைப் பல வருஷம் பாத்தாச்சு, யூகம் ரொம்பக் கம்மி. நம்ம நாட்டுல டிராஃப்ட்டுக்குச் சமமா ஒண்ணு உண்டுன்னா அது ஹாஸ்டல் செலக்‌ஷன்தான், ஏன்னா செயற்கைப் புல்தரை, டயட், கோச்சு எல்லாம் அங்கதான் இருக்கு, உள்ள போறவன் வளருவான், வெளில நிக்கிறவன் களிமண் கிரவுண்டுலயே கெடக்கணும். என்ஹெச்எல்ல ஒரு டீம் விட்டா இன்னும் 31 டீம் இருக்கு, டிராஃப்ட்ல போகாதவனும் காலேஜ் ஆடி வரலாம், சென்ட் லூயி அப்படித்தான் வந்தாரு. இங்க ஒரு வாசல் மூடுனா பக்கத்துல இன்னொண்ணு தெறந்திருக்குறது கஷ்டம். அதனாலதான் எனக்கு இது மனசை அறுக்குது. எடுக்குற நண்பர்கள் யாராவது இதைப் படிச்சா கேட்டுக்குறேன், அளக்குறதை அளங்க, அதோட அப்பா அம்மா உயரத்தையும் பொறந்த மாசத்தையும் எழுதிக்கங்க, ஆட விட்டுப் பாருங்க.

மன்னை_சென்டர்ஹாஃப் எழுதுனது:

வாத்தியார் சார் சொன்னதுக்கு மேல பெருசா இல்ல. நான் யுனிவர்சிட்டி வரைக்கும் ஆடுனேன், 5 அடி. பொண்ணுங்க பக்கம் கதை கொஞ்சம் மாறும், எங்களுக்கு வளர்ச்சி முன்னாடியே வந்து முன்னாடியே நின்னுடும், அதனால 14ல என்ன உயரமோ கிட்டத்தட்ட அதுதான். வளருவான்னு காத்திருக்குற சலுகைகூட எங்களுக்குக் கெடையாது, அன்னைக்கு ஆட்டத்தைப் பாத்தே ஆகணும்.

சின்ன விங்கருக்கு நான் சொல்லுறது ஒண்ணுதான். பந்து வாங்குறதுக்கு முன்னாடியே திரும்பிப் பாத்துடணும். உயரமானவன் பந்து வாங்கிட்டு யோசிக்கலாம், உடம்பு பாத்துக்கும், நமக்கு அந்த நேரம் இல்ல. ஃபுல்பேக் ஸ்டிக்கைப் படுக்க வெக்க எடம் குடுக்கவே கூடாது, அவர் எடை முன்கால்ல விழுற நொடில பந்தை அவர் இடது பக்கம், அதாவது ரிவர்ஸ் ஸ்டிக் பக்கம் தள்ளிட்டுப் போயிடணும். நம்ம கிரவுண்டுங்க வெயில்ல வெடிச்சு பந்து தவ்வும், அதுல பழகுன பையனுக்கு பந்தைத் தூக்கிப் போறது தானா வரும், அதைக் குறைன்னு நெனைக்க வேணாம். டர்ஃப்ல போனதும் அது பெரிய பலம்.

கொள்ளிடம் அண்ணே, நீங்க ஃபுல்பேக்தானே, சின்ன விங்கர் யாரு வந்தா உங்களுக்குப் பயமா இருக்கும், அதைச் சொல்லுங்க.

கொள்ளிடம்_டிஃபெண்டர் எழுதுனது:

நல்ல கேள்விம்மா. முழு வேகத்துல வர்றவனை நான் சமாளிச்சிடுவேன், எந்தப் பக்கம் போவான்னு தெரிஞ்சிடும். முக்கால் வேகத்துல வந்து என்னைக் கிட்ட வர விட்டு, நான் நீட்டுனதுக்கு அப்பறம் வேகம் எடுக்குறவன்தான் ஆபத்து. குள்ளமா இருந்தா இன்னும் மோசம், அவன் தோள் எங்க திரும்புதுன்னு எனக்குக் கீழ குனிஞ்சு பாக்க வேண்டியிருக்கும். அவனுக்கு இதைச் சொல்லிக் குடுங்க, முக்கால் வேகம், பொறுமை, அப்பறம் முழு வேகம்.

வாத்தியார் சொன்ன வயசுக் கணக்கையும் ஏத்துக்குறேன். வளந்து முடிச்சவனை உயரம் பாத்து எடுக்குறது வேற, வளந்துக்கிட்டு இருக்குறவனை எடுக்குறது வேற. நான் முதல்ல சொன்னது முழுக்க வளந்தவங்களைப் பத்தி.

வெட்டாறு_விங்கர் எழுதுனது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அவனையும் பக்கத்துல உக்கார வெச்சுத்தான் படிச்சேன். ஹட்சன் பேரை எழுதி வெச்சுக்கிட்டான். சார், அவன் நவம்பர் கடைசில பொறந்தவன், எங்க மாமா, அதாவது அவன் அப்பா 5 அடி 9 இருப்பாரு, அக்காவும் நல்ல உயரம். இன்னும் குரல் உடையல. கடைல உயரம் வளர்ற பவுடர்னு விக்கிறாங்க, அக்கா வாங்கலாமான்னு கேக்குது. கம்பில தொங்கச் சொல்லியும் ஒருத்தர் சொன்னாரு. அப்பறம் விங்லேர்ந்து வேற இடத்துக்கு மாத்தணுமா?

கிரவுண்ட்_வாத்தியார் எழுதுனது:

பவுடர் வேணாம் தம்பி, காசு தெண்டம். தொங்குறதால தோளுக்குப் பலம் வரும், எலும்பு நீளாது. அந்தக் காசுக்கு தினம் ரெண்டு முட்டை, வேர்க்கடலை, பால், வாரத்துல ரெண்டு மூணு நாள் மீனு, அது போதும். ராத்திரி போனை வாங்கி வெச்சுட்டு ஒன்பது மணி நேரம் தூங்க விடுங்க. விடிகாலை மேட்சை நீங்க பாருங்க, அவன் தூங்கட்டும், ஹைலைட்ஸ் சாயங்காலம் பாத்துக்கலாம்.

நவம்பர்ல பொறந்தவன், குரல் உடையல, அப்பா அம்மா உயரம். இவன் வளருவான்னுதான் எனக்குத் தோணுது, ஆனா தோணுறதை வெச்சு வாக்கு குடுக்க மாட்டேன். மூணு மாசத்துக்கு ஒருவாட்டி ஒரே சுவத்துல, காலைல, வெறுங்கால்ல நிக்க வெச்சு உயரத்தைத் தேதியோட குறிச்சுக்கிட்டு வாங்க. ஏத்தம் ஆரம்பிச்சா அதுலயே தெரியும். ஏறுற காலத்துல முட்டி, குதிகால் வலிக்குதுன்னு சொல்லுவான், அப்ப ஓட்டத்தைக் கொறைங்க, ஸ்டிக் வேலைய மட்டும் பண்ணட்டும். திடீர்னு கை கால் நீளும்போது பந்து கண்ட்ரோல் கொஞ்ச நாள் கெட்டுப் போகும், அப்ப யாரும் திட்டக் கூடாது, தானா சரியாயிடும். ஸ்டிக்கையும் அப்ப மாத்திக் குடுங்க, சின்ன வயசு ஸ்டிக்கை வெச்சுக்கிட்டு முதுகை வளைச்சு ஆடுனா இடுப்பு போயிடும்.

இடம் மாத்த வேணாம், விங்தான். 15 வயசுக்கு அப்பறம் வேணா உள்பக்கமும் ஆடப் பழகட்டும்.

அரியலூர் கார்த்தி செல்வம் 2022 ஆசியக் கோப்பைல இந்தியாவுக்கு ஆடுனப்ப நம்ம பக்கத்துப் பசங்க கண்ணுல ஒரு வெளிச்சம் வந்துச்சு, நான் பாத்தேன். கொள்ளிடம் தாண்டுனா அரியலூர், அவ்வளவு கிட்ட. இவனையும் விட்டுடாதீங்க. அடுத்த செலக்‌ஷனுக்குப் போகும்போது ஸ்கூல் மேட்ச் வீடியோ ஒரு பத்து நிமிஷம் போன்ல வெச்சுக்கங்க, இவன் ரெண்டு ஆளைத் தாண்டுற எடமா பாத்து எடுங்க, கூடவே அந்த உயரக் குறிப்பையும் பொறந்த தேதியையும் ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டுப் போங்க. டேப்பை எடுக்குறதுக்கு முன்னாடியே அந்த பேப்பரைக் கைல குடுத்து, சார் இவன் ஆட்டத்தை ஒரு தடவை பாருங்கன்னு மரியாதையா கேளுங்க. நானும் வர்றேன், தேதி தெரிஞ்சதும் இங்கயே போடுங்க.